மூடி கழற்றுகிறவளின் வலது கை

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எங்கள் மாடியில் அவளை எல்லோரும் பிளேடு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயால் அறுக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலைக்கு எதிர்க்கடையில் நான் இருக்கிறேன், கேபிள் விற்கிறேன். அவள் நாள் முழுக்கப் பேசுவதை நான் ஓர் ஆளுக்கு "வாங்க, என்ன வேணும்" சொல்வதற்குள் பேசி முடித்துவிடுவேன். அவள் கையில் எந்நேரமும் ஒரு சவர பிளேடு இருக்கும். அதை வைத்து அவள் கம்ப்யூட்டர் பிராசசரின் தலையைச் சீவுவாள். அதனால் வந்த பேர்.

தலை என்றால் தலையேதான். பிராசசரின் மேலே பளபளவென்று ஓர் உலோக மூடி இருக்கும். உள்ளே இருக்கிற சில்லின் சூட்டை வாங்கி மேலே அனுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே தயாரித்தவன் கடமைக்குத் தடவிவிட்ட பேஸ்ட் காய்ந்து கிடக்கும், சூடு வெளியே வராது. சும்மா கடிதம் தட்டுகிறவனுக்கு அது போதும். பிராசசரை அதன் வேகத்துக்கு மேல் அடித்து விரட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது, ஓவர்கிளாக் பைத்தியங்கள். அவர்களுக்குப் போதாது. மூடியைப் பெயர்த்து, பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எறிந்து, லிக்விட் மெட்டல் என்று பாதரசம் மாதிரி ஓடுகிற ஒன்றைத் தடவி, மறுபடி மூடிவிட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும். இறங்கியதும் இன்னும் விரட்டுவார்கள். என்ன சுகமோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆனால் அவள் அதைச் செய்வதை நான் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேசையில் வைஸ் என்கிற இரும்புத் திருகுபிடியைப் பொருத்தி வைத்திருப்பாள். சில்லு உட்கார்ந்திருக்கிற பச்சைத் தகட்டின் விளிம்பு ஒரு தாடையில், மூடியின் விளிம்பு எதிர்த் தாடையில். பிடியை மெல்ல மெல்லத் திருகுவாள். உள்ளே இருக்கிற பசை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிராசசரின் சொந்தக்காரன் முகம் வெளுத்துப்போய் நிற்பான். திடீரென்று 'டப்' என்று எலும்பு முறிகிற சத்தம் வரும். மூடி ஒரு பக்கமாக நழுவியிருக்கும். சில ரகங்களுக்கு வைஸ் ஆகாது, பிளேடுதான். மூலையில் நுழைத்துப் பசையை மட்டும் அறுத்துக்கொண்டே சுற்றி வரவேண்டும். நூலளவு அதிகமாக உள்ளே போனால் பொடிப்பொடியான உறுப்புகள் சிதறிவிடும். அப்புறம் அதைக் குப்பையில்தான் போடவேண்டும்.

அதனால் அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. பிராசசர் யாருடையதோ அவர்தான் நேரில் வரவேண்டும். வலது உள்ளங்கையை அவள் மேசைமேல் வைத்து, "போனா போகட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால்தான் பிளேடைத் தொடுவாள். முனகினால் ஆகாது, நடைபாதைக்குக் கேட்கவேண்டும். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அந்த மேசைமேல் கையை வைத்துக்கொண்டு வார்த்தை வராமல் எச்சில் விழுங்கியதை நான் பார்த்து ரசித்திருக்கிறேன். சொல்ல முடியாதவர்களிடம் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "வீட்டுக்குப் போயிட்டு நல்லா யோசிச்சு வாங்க" என்பாள். அதுதான் அவள் பேசுகிற நீளமான வாக்கியம்.

அவள் புருஷனைச் சாம்பியன் என்பார்கள். அவனே வைத்துக்கொண்ட பேராக இருக்கும் என்பது என் சந்தேகம். ஓவர்கிளாக் போட்டி எங்கே நடந்தாலும் போவான், கோப்பையோடு வருவான், கடை முழுக்க அடுக்குவான். வீடியோ எடுத்துப் போடுவான். அதில் "நானே என் கையால மூடியைக் கழட்டினேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். பச்சைப் பொய். வைஸ் பிடியைத் தொட்டாலே அவனுக்குக் கை உதறும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் செல்போன் பழுது பார்க்கிற கடையில் இருந்தாள். அங்கேதான் அவன் ஒரு பிராசசரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து பம்மிக்கொண்டு நின்றான். அவள் கண்ணிமைக்காமல் கழற்றிக் கொடுத்தாள். அவன் கட்டியது அவளையா, அவள் கையையா என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

அடிப்பான். கோப்பை வந்தால் குடித்துவிட்டு அடிப்பான், வராவிட்டால் குடிக்காமலே அடிப்பான். முகத்தில் அடிப்பான், முதுகில் அடிப்பான். ஒருமுறை மேசை இழுப்பறையில் அவள் இடது கையை வைத்துச் சாத்தினான். மோதிர விரல் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. வலது கையை மட்டும் தொடமாட்டான். அவ்வளவு விவரம். அவள் வீங்கின கண்ணோடு வந்து, எதுவும் நடக்காத மாதிரி நகப் பாலிஷ் புட்டியைத் திறந்து வேலையை ஆரம்பிப்பாள். சில்லைச் சுற்றியுள்ள உறுப்புகளில் லிக்விட் மெட்டல் பட்டால் மின்சாரம் பாய்ந்துவிடும், அதற்காக முதலில் நகப் பாலிஷ் பூசுவார்கள். வேறெதற்கும் அவள் அதைத் தொட்டதில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருதரம் கேபிள் கட்டைத் தூக்கி அவன் தலையிலேயே எறிந்தேன்.

"அக்கா, இது எங்க வீட்டு விஷயம். நீங்க தலையிடாதீங்க" என்றான்.

"அடி வாங்கறது நீயா, அவளா? யார் விஷயம்னு வாங்கறவ சொல்லட்டும்டா!"

மற்ற கடைக்காரர்கள் "விடுங்கம்மா, புருஷன் பொண்டாட்டி, இன்னைக்கு அடிச்சுப்பாங்க நாளைக்குச் சேர்ந்துப்பாங்க" என்று என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆம்பளைகளாம். மீசை வேறு.

ஒன்றை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும், வேடிக்கை காட்டத் தெரிந்தவன். ஒருநாள் அவள் கடையில் லிக்விட் மெட்டல் வாங்கிப்போய் வீட்டிலேயே தடவிப் பார்த்த ஒரு பையன், அது பட்டு நொறுங்கிப்போன அலுமினிய ஹீட்சிங்க்கை, அதாவது சூடு இறக்குகிற கட்டியை, கொண்டுவந்து, "ஏமாத்திட்டீங்க" என்று பிளேடிடம் சண்டைக்கு நின்றான். சாம்பியன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாத்தினான். பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டதால் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான். ஒரு காலியான குளிர்பான டப்பாவை எடுத்தான். அதன்மேல் ஆணியால் கீறினான். கீறலில் லிக்விட் மெட்டல் ஒரு சொட்டு வைத்தான். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, டப்பாவைச் சுண்டுவிரலால் தொட்டான். விரல் உள்ளே போய்விட்டது. அலுமினியம் ஈர பிஸ்கட்டாக உதிர்ந்தது. எனக்குப் புல்லரித்தது.

"செம்புக்கு ஒன்னும் ஆகாது, இரும்புக்கு ஒன்னும் ஆகாது. அலுமினியம் பக்கம் மட்டும் இதைக் கொண்டு போகவே கூடாது. மேல்தோல் லேசா கீறியிருந்தா போதும், உள்ள புகுந்து எலும்பைத் தின்னுடும்" என்றான். இதை அவன் வீடியோவிலும் போட்டான். அவனிடம் எதைக் கற்றார்களோ இல்லையோ, இதை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். தலையை ஒட்ட வெட்டியிருப்பாள், நான் கிராப் என்று பேர் வைத்தேன். அவளும் ஓவர்கிளாக் பைத்தியம்தான். சாம்பியன் போகிற அதே போட்டிக்குப் போகிறவள். பயம் என்றால் என்னவென்று தெரியாது. மேசையில் கையைப் பட்டென்று வைத்து, மாடியே திரும்பிப் பார்க்கிற மாதிரி "போனா போகட்டும்!" என்று கத்தினாள். பிளேடு சிரித்தாள். அவள் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகாகக் கழற்றிக் கொடுத்தாள். கிராப் சும்மா இருந்திருக்கலாம். "இது பிளேடு அக்காவோட கைவேலை" என்று உலகத்துக்கே தெரிகிற மாதிரி வீடியோவில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், கடையில் ஆட்கள் இருக்கும்போதே சாம்பியன் வந்தான். ஷட்டர் இழுக்கிற கொக்கிக்கம்பி சுவரில் ஆணியில் தொங்கும். எங்கள் மாடியில் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிக் கம்பி, அலுமினியக் குழாய், நுனியில் கொக்கி. அதை உருவினான்.

"யாரைக் கேட்டு அவளுக்குப் பண்ணினே?"

"கடைக்கு வந்தாங்க. பண்ணிக் கொடுத்தேன்."

"எனக்கு எதிரா நிக்கப்போறவன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் ஓர் அறையோடு முடிந்திருக்கும். எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியாதா? அவன் கம்பியை ஓங்கி அவள் வலது கையைக் குறிவைத்து இறக்கினான். முதல்முறையாக வலது கை. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கம்பி வைஸின் கூர்மூலையில் மோதி, அலுமினியத்தின் மேல்தோல் நீளமாகக் கீறி, வழுக்கிக்கொண்டு போய் லிக்விட் மெட்டல் சிரிஞ்சின்மேல் விழுந்தது. கடைக்கு வாங்குகிற பெரிய சிரிஞ்ச். அது நசுங்கி, வெள்ளி வெள்ளியாக மேசை முழுக்கத் தெறித்தது.

அவனுக்கே மூச்சு வாங்கியது. கம்பியைத் தரையில் போட்டான்.

"நல்லா கேட்டுக்கோடி. போட்டிக்கு நான் கொண்டுபோற பிராசசரை முதல்ல முடிச்சுக் கொடு. போயிட்டு வரேன். வந்ததும் அந்தக் கையை உடைக்கறேன். இனிமே எவளுக்கும் நீ பிளேடு பிடிக்க மாட்டே. எனக்கு ஆகாத கை உனக்கும் வேண்டாம்."

வெறும் வாய்ச்சவடால் இல்லை. சொன்னதைச் செய்கிறவன், இழுப்பறையையும் சொல்லிவிட்டுத்தான் சாத்தினான்.

அவன் போனபிறகு நான் ஓடினேன். அவள் அழவில்லை. பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். நானும் துடைக்கக் குனிந்தேன், கையைத் தட்டிவிட்டாள். மேசையைத் துடைத்தாள். வைஸைத் துடைத்தாள். கண்ணுக்கே தெரியாத ஒரு துளி நாற்காலிக் காலில் இருந்தது, அதையும் குனிந்து துடைத்தாள். கடைசியில் தரையில் கிடந்த கொக்கிக்கம்பியை எடுத்தாள். கீறல் முழுக்க வெள்ளி ஒட்டி மினுங்கியது. அதை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டாள்.

"கம்பியிலயும் தெறிச்சிருக்கு பாரு" என்றேன்.

"பார்த்தேன்க்கா."

என் மூளை கொஞ்சம் மந்தம்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கவலையெல்லாம் அவள் கையைப் பற்றி.

"கிளம்பு. என் வீட்டுக்கு வந்துடு. இல்லைனா வேற எங்கயாவது போய்த் தொலை. கை முழுசா இருந்தா எந்த ஊர்லயும் பொழைச்சுக்கலாம்."

"இந்தக் கடை என்னுதுக்கா. மேசை, வைஸ் எல்லாம் நான் வாங்கினது. நான் ஏன் போகணும்?" என்றாள். பஞ்சைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "எங்க போனாலும் தேடி வந்து உடைப்பார். அவருக்கு வேற என்ன வேலை?" என்றாள்.

"அப்போ அவனோடதைக் கெடுத்துக் கொடு. பிளேடைக் கொஞ்சம் உள்ள விட்டா ஆச்சு. போட்டியில வாயைப் பிளந்துட்டு நிக்கட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பிராசசர் என்னக்கா பண்ணுச்சு?"

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? அவள் அவனுடைய பிராசசரை வைஸில் ஏற்றி, அதே நிதானத்தோடு கழற்றி, சுத்தம் செய்து, பூசி, மூடிக் கொடுத்தாள். அவன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போட்டி நடக்கிற ஊருக்குப் போனான்.

அன்று சாயங்காலம் கடை சாத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். அவள் கொக்கிக்கம்பியைத் தொடவில்லை. முக்காலி போட்டு ஏறி, எட்டிப் பிடித்து, ஷட்டரைக் கையால் இழுத்துவிட்டாள். எடுக்கப்போன என்னையும், "அதைத் தொடாதீங்கக்கா, ஆடாம இருக்கட்டும்" என்று தடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தக் குளிர்பான டப்பா கண்முன்னால் வந்தது. அவன் சுண்டுவிரலும் வந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் முழுங்கிய முதல் பேச்சு அதுதான்.

அவன் ஊரில் இல்லாத நாளெல்லாம் நான் என் கடையிலிருந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி மறைந்து, கீறலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அழுக்கு படிந்த மாதிரி ஆயிற்று. உள்ளே எவ்வளவு தூரம் தின்றிருக்கும்? டப்பா மெல்லிசு, இது தடிப்பு. பாதி தின்றுவிட்டு நின்றிருந்தால்? எனக்கு வியாபாரத்தில் புத்தி போகவில்லை. நீளக் கேபிள் கேட்டவருக்குக் குட்டைக் கேபிள் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

போட்டியில் கிராப் ஜெயித்துவிட்டாள். செய்தி அவனுக்கு முன்னால் மாடிக்கு வந்துவிட்டது. எல்லோரும் கூடிக் கூடிச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா தெரியவில்லை. பிளேடு கேட்டுக்கொண்டாள், "ம்" என்றாள், கையில் இருந்த வேலையை முடித்தாள்.

அவன் மத்தியான வெயிலில் பெட்டியோடு வந்தான். நேராகக் கடைக்குள் நுழைந்து, போட்டியில் பிராசசர்மேல் வைத்து ஓட்டிய செம்புக் குளிர்ப்புக் கட்டியை மேசைமேல் டொம் என்று போட்டான். முகம் கருத்திருந்தது.

"சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வை."

நடைபாதையில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். நான் "டேய், டேய்!" என்று கத்திக்கொண்டே குறுக்கே ஓடினேன். ஒருத்தன் என் தோளைப் பிடித்து இழுத்தான், அவன் கையைக் கடித்தேன். அதற்குள் பிளேடு மேசைமேல் வலது உள்ளங்கையை வைத்துவிட்டாள். வைஸை ஒட்டி, விரல்களை விரித்து. எத்தனையோ பேர் அதே இடத்தில் கை வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"போனா போகட்டும்" என்றாள். நடைபாதைக்கே கேட்டது.

அவன் ஆணியிலிருந்து கம்பியை உருவினான். சாம்பல் திட்டு அவன் பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அவன் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கி முழுப்பலத்தோடு இறக்கினான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எலும்பு முறிகிற சத்தம் வரவில்லை. சர்க்கரைக் கட்டியை மிதித்த மாதிரி ஒரு நறநறப்பு. கண்ணைத் திறந்தேன். வைஸ்மேல் பட்ட இடத்தில் கம்பி நொறுங்கி, கொக்கிப் பக்கம் என் கால்மாட்டில் வந்து விழுந்திருந்தது. மேசைமேல் சாம்பல் நிறத் தூள். அவள் விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கையை எடுத்து விரல்களை மடக்கினாள், நீட்டினாள். எல்லாம் வேலை செய்தது.

அவன் கையில் குச்சி மாதிரி ஒரு துண்டு மிச்சம். உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தான். விரலால் தொட்டான், உதிர்ந்தது. அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே பாடம் எடுத்தவன் ஆயிற்றே.

"என்னடி தடவினே இதுல?"

"நான் எதையும் தடவலை. சிரிஞ்சை உடைச்சது நீ. நான் துடைக்கலை, அவ்வளவுதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் யாரோ ஒருத்தன் பக்கென்று சிரித்துவிட்டான். அவ்வளவுதான், அவன் துண்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்தான். சுவரோடு அழுத்தினான். கோப்பைகள் தடதடவென்று சரிந்தன. அவள் முகம் சிவந்து, கண் பிதுங்கியது. அவள் வலது கை மட்டும் மேசைமேல் நிதானமாகத் துழாவியது. செம்புக் கட்டி அகப்பட்டது. உள்ளங்கை அகலம், நல்ல கனம். அதைத் தூக்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். டப் என்றது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான். அவன் அலறிக்கொண்டு விட்டான். அவள் நிறுத்தவில்லை. மறுபடி ஒன்று, அவன் வாயில். அவன் உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் ரத்தம். அவள் மூன்றாவதற்கும் ஓங்கினாள், அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கட்டியை மேசைமேல் வைத்தாள்.

"எழுந்து போ. கோப்பையை எடுத்துட்டுப் போ."

எடுக்காமலே போனான். ஒரு கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு, படிக்கட்டில் தடுமாறித் தடுமாறி இறங்கினான். இத்தனை வருஷம் "புருஷன் பொண்டாட்டி" என்று சொன்ன ஆம்பளைகள் விலகி வழி விட்டார்கள். பிற்பாடு போலீஸ் வந்து கேட்டபோது, "அவரே ஓங்கினாருங்க, கம்பி தானா உடைஞ்சுது, அப்புறம் அவர் கழுத்தைப் பிடிச்சாரு" என்று ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொன்னேன். போலீஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் கடை திறக்க முக்காலி தேடினாள். நான் முந்தியே வாங்கி வைத்திருந்ததை நீட்டினேன். கெட்டி இரும்பில் புதுக் கொக்கிக்கம்பி.

"இந்தா. இதை எதுவும் தின்னாது."

வாங்கிக் கனம் பார்த்தாள். முட்டியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கழுத்தில் விரல் தடங்கள் அப்படியே இருந்தன. நாட்கணக்காக வயிற்றில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஏன்டி, அந்தப் பழைய கம்பி உடையும்னு உனக்கு நிச்சயமா தெரியுமில்ல?"

அவள் கம்பியை மாட்டி ஷட்டரை மேலே தள்ளினாள். உள்ளே போய் வைஸின் தாடையை ஒரு துணியால் துடைத்தாள்.

"தெரியாதுக்கா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை ஓங்கி ஒன்று அறையலாம் போல இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "விடுங்கக்கா, ஆள் வந்திருக்கு" என்றாள். கிராப்தான் வாசலில் நின்றாள், பையில் அடுத்த பிராசசரோடு.